கை ஊன்றாமல் எழுந்திருப்பது

முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. வண்ணாரப்பேட்டையில் கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்துக்கொண்டு மெட்ரோ படியில் ஏறும்போது, இடது கீழ்த்தாடையை யாரோ உள்ளேயிருந்து அழுத்துவதுபோல் இருந்தது. நின்றேன், போய்விட்டது. ஏறினேன், வந்தது. கடைவாய்ப் பல்தான் வேலையைக் காட்டுகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கிராம்பு வைத்தேன், உப்பு நீரில் கொப்பளித்தேன். சிவனே என்று இருந்த பல்லைத் திட்டித் தீர்த்தேன்.

பல் டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். "பல்லு நல்லாதான் இருக்கும்மா. நடந்தா வலிக்குது, நின்னா போயிடுதுன்னு சொல்றீங்க. அது பல்லோட குணம் இல்ல. இன்னிக்கே இதய டாக்டரைப் பாருங்க."

பெண்களே, முக்கியமாகச் சர்க்கரை உள்ள பெண்களே, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் இதய நோய் என்பதில்லை. தாடை, தோள், மேல்வயிறு, காரணம் தெரியாத அசதி என்று எந்த வேஷத்திலும் வரும்.

ஆஞ்சியோகிராம் (இதயத்தின் ரத்தக்குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்ததில் மூன்று குழாய்களில் அடைப்பு தெரிந்தது. பைபாஸ் (காலிலிருந்தும் மார்பிலிருந்தும் ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும் என்றார் பெரிய டாக்டர். மாத்திரையில் வலி அடங்கியிருந்ததால் அவசரமில்லை. முதலில் சர்க்கரை இறங்கட்டும் என்றார். "பாரம் தூக்காதீங்க. வலி வந்தா நின்னுடுங்க. மத்தபடி வழக்கம்போல இருங்க."

இதில் "வழக்கம்போல" என்ற சொல் என் கணவர் காதில் விழவே இல்லை.

அவர் பெயர் அந்தோணி. துறைமுகத்தில் கப்பல் மேல் கண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் அதே வேலையில், ஒருநாள் மதியம், அவர் கண்ணெதிரே நெஞ்சு அடைத்துச் சாய்ந்துபோனார். அன்றிலிருந்து அவர் கணக்கு ஒன்றுதான். வேலை செய்தால் இதயம் நின்றுவிடும்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைக்குக் கட்டில் வந்தது. மேலே, எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி சும்மா இருந்தது. அதில் ஒரு கப்பல் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். பிடித்து இழுத்துப் பார்த்தார். வீடு பெயர்ந்தாலும் பெயருமே தவிர, அந்த முடிச்சு அவிழாது.

"இத புட்ச்சிகினு எய்ந்திரு, இத புட்ச்சிகினு குந்து. கால்ல பாரத்தப் போடாத. இன்னா வோணுமோ என்னக் கேளு," என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் எல்லாருக்கும் ஓடி ஓடி வேலை செய்தவள். இப்போது காபி கட்டிலுக்கு வருகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் திராட்சையும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "ஆடாம அசையாம குந்திகினு இரு ரோசி," என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்கள். மகாராணி மாதிரி இருந்தேன். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். என் தொடைச் சதை கரைந்தது. நைட்டிக்குள் இருந்ததால் எனக்கே தெரியவில்லை.

சர்க்கரை இறங்கியது. அட்மிஷன் நாளும் வந்தது. அதற்கு முன் "உடல் தளர்வுப் பரிசோதனை" (அறுவை சிகிச்சையைத் தாங்கி மீண்டு எழ உடம்பில் எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது) செய்ய வேண்டும் என்று பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் சங்கீதா. வியாசர்பாடிப் பெண், ஸ்டெல்லா வயதிருக்கும்.

முதலில் கைப்பிடி. ஒரு கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் நன்றாகவே ஏறியது. கயிறு இழுத்த கையாயிற்றே! "அப்டி போடு!" என்றார் கணவர். அடுத்து, கொஞ்ச தூரம் வழக்கமான வேகத்தில் நடக்கச் சொன்னார். நடந்தேன். சங்கீதா முகத்தில் சிரிப்பு குறைந்தது.

அதன் பிறகு ஒரு நாற்காலி. "ரெண்டு கையையும் நெஞ்சு மேல குறுக்க கட்டிக்குங்கம்மா. எதையும் பிடிக்காம எழுந்திருங்க. அஞ்சு தடவ எழுந்து உக்காரணும்."

இது ஒரு பரீட்சையா என்று நினைத்தேன். முன்னால் சாய்ந்தேன். இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பவில்லை. மறுபடி முயன்றேன். பாதி எழுந்து, தொப்பென்று விழுந்தேன். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"கயிறு இருந்தா எழுந்திருவேன்," என்றேன்.

"எந்தக் கயிறும்மா?" என்று கேட்டார் சங்கீதா. சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழ முடியாத ஒரு பொம்பளையா நான்?

பெரிய டாக்டர் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்தார். "இதயத்த சரி பண்றது என் வேலை. அப்புறம் எழுந்து நடக்கறது உங்க வேலை. இப்ப இருக்கற காலோட உள்ள போனா, ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் நீங்க படுக்கையிலயே தங்கிடுவீங்க. சளி கட்டும், நுரையீரல் கெடும். நல்லவேளை, இது இப்ப தெரிஞ்சுது. முதல்ல நடந்து, பயிற்சி செஞ்சு கால தயார் பண்ணுங்க." அதன் பிறகும் ஏதோ சொன்னார். அவமானத்தில் எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது சண்டை.

"நெஞ்சு அடச்சிகினு கீறவள நடக்கச் சொல்றானுங்க! இன்னா டாக்டருங்க இவனுங்க? நீ எங்கயும் போவாத."

"யோவ், உங்க அண்ணன் வேலை செஞ்சிகினு செத்தாரு. நான் படுத்துகினே சாவணுமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் செத்துவிட்டது. வெளியே போய் வெகுநேரம் வாசலில் நின்றார். திரும்பி வந்து, "எனுக்கு பயமா கீது ரோசி," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "எனக்கும்தான்," என்றேன்.

மறுநாள் நடக்கக் கிளம்பினேன். பின்னால் அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தாடை இறுகினால் நாற்காலியைப் போடுவார், உட்காருவேன். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை அவர் சட்டைப் பையில் வைத்திருந்தார். தெருவே சிரித்தது. "இன்னா நைனா, தேரு கிளம்பிடுச்சா?" என்று மீன் வாங்கப் போகிறவர்கள் கேட்டார்கள். "நீ வடம் புட்ச்சிகினு வா," என்பார் இவர் சளைக்காமல்.

வீட்டில் சங்கீதா சொன்னபடி பயிற்சி. முதலில் நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி எழுந்தேன். பிறகு மெல்லிய தலையணை. பிறகு வெறும் நாற்காலி. தட்டில் சோறு குறைந்தது, மீனும் முட்டையும் சுண்டலும் கூடின. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது என் டாக்டர் என் இதயத்தைப் பார்த்துச் சொன்ன அளவு. உங்களுக்கு நடை கூடாத இதயமாகவும் இருக்கலாம். கேட்காமல் தொடங்காதீர்கள்.

சில நாள் கால் மறுத்தது. சில நாள் நானே மறுத்தேன். ஒரு காலையில் கல்மண்டபம் பக்கம் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளைக் காணோம். தூரத்தில் என் நாற்காலியில் அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "நீ போ, நா வர்றேன்," என்று கையைக் காட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கும் மூச்சு வாங்கியது. ஆனால் தாடை வலிக்கவில்லை.

இரண்டாம் பரிசோதனையில் ஐந்து முறையும் எழுந்தேன். கடைசித் தடவை கொஞ்சம் ஆடினேன். "பாஸ்தாம்மா," என்றார் சங்கீதா.

அறுவை சிகிச்சை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் அங்கே இல்லை. விழித்தபோது வாயில் குழாய், உடம்பெல்லாம் ஒயர். வலி இருந்தது, மருந்தும் இருந்தது. குழாயை எடுத்த பிறகு, சங்கீதா வந்து என்னைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார். "எழுந்திருக்கலாமா?" என்றார்.

என் வலது கை தானாக மேலே போனது. வெறும் காற்றில் கயிற்றைத் தேடியது.

"இழுக்கக் கூடாதும்மா, ஊனவும் கூடாது. நெஞ்செலும்ப நடுவுல அறுத்து கம்பி போட்டு கட்டியிருக்கு. சேர்ற வரைக்கும் கைக்கு வேலை இல்ல." ஒரு தலையணையைக் கொடுத்து, அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்.

அணைத்தேன். அப்போதுதான் புரிந்தது. பரிசோதனை அறையில் நான் உட்கார்ந்திருந்ததும் இதே மாதிரிதான், கைகள் இரண்டும் குறுக்கே நெஞ்சின் மேல். இந்த நிமிடத்தைத்தான் அன்று அந்த நாற்காலியில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நடுவில் கால் தேறியிருக்காவிட்டால் இன்று எனக்குக் கால்களும் இல்லை, கைகளும் இல்லை. கர்த்தரே என்று முன்னால் சாய்ந்தேன். தொடை நடுங்கியது. ஆனால் தூக்கியது.

வீட்டுக்கு வந்து இப்போது சில மாதங்கள் ஆகின்றன. இருமும்போது இன்னும் தலையணையைத் தேடுகிறேன். ரத்தக்குழாய் எடுத்த காலில் ஒரு கோடு மரத்துக் கிடக்கிறது. உட்கார்வதற்கும் எழுவதற்கும் நடுவில் ஒரு சிறு நேரம் இருப்பது முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு தடவையும் அதை முழுசாகக் கடந்துதான் நிற்கிறேன். அவசரப்பட்டுக்கொண்டே இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறேன் என்று தோன்றும். பிறகு பால் பொங்கும், போய்விடுவேன்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்று முன்னறையில் கயிறு இல்லை. அவிழாத முடிச்சைக் கத்தியால் அறுத்திருந்தார். கொக்கிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருக்கத் தலையணையை அணைத்ததும் அவர் ஓடி வந்தார். கை என் அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அதுவும் போதவில்லை போல. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எய்ந்துட்டியா?" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"இரு."

"எய்ந்துட்டியா மே?"

"எழுந்துட்டேன், திரும்பு," என்றேன்.