ஆமைக்கு வெயில் மாட்டிய வீரய்யா

வீரய்யா எனக்குத் தம்பி முறை. அவன் அம்மாவும் என் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பேக்டரியில் முப்பத்தோரு வருசம் கரண்டு வேலை பார்த்தவன். ஆளும் குள்ளம், பேச்சும் குறைச்சல். வேலையில் மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ட்யூப் லைட்டும் கவர் இல்லாமல் எரியக் கூடாது.

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூற்றாறில் ஒரு ட்யூப் வெடித்து, சலித்து வைத்திருந்த தேயிலைத் தூளில் கண்ணாடிச் சில்லு விழுந்துவிட்டது. அத்தனை தூளையும் அள்ளிக் குழியில் கொட்டினார்கள். பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எல்லார் முன்னாலும் இவனை வைதார். அன்றையிலிருந்து இவன் கை பட்ட ட்யூப் எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்தான் எரியும். கல்யாணப் பந்தலில் லைட்டுக் கட்டினாலும், சோற்று அண்டாவுக்கு மேலே இருக்கிற ட்யூபுக்குக் கவர் போட்டுவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவான்.

இவனுக்கு ஒரே தங்கச்சி, நாகலெட்சுமி. கல்யாணமாகி மூன்றாம் வருசம் புருசன் காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளையும் இல்லை. தொண்ணூற்றிரண்டில் அவளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பியது வீரய்யாதான். அட்டன் ஸ்டேசனில் அவள் ரயிலேற மாட்டேன் என்று அழுதாள். இவன் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டான். அதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அவள் பதினாலு வருசம் வெள்ளவத்தையில் குணரத்தினம் என்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் வீட்டில் இருந்தாள். அந்தக் குடும்பம் கனடாவுக்குப் போனபோது, அவர் மகள் கஜனி தன் ஆமையை இவள் கையில் கொடுத்தாள். "லட்சுமி அக்கா, இதை நீங்களே வைச்சிருங்கோ" என்றாளாம். காதோரம் சிவப்புக் கோடு போட்ட தண்ணீர் ஆமை. அதை ஒரு வாளியில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, ரயிலில் கொண்டு வந்து சேர்ந்தாள். அது இரண்டாயிரத்தாறு சித்திரை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் அவளைச் சும்மா விடவில்லை. "பதினாலு வருசம் கொழும்புல இருந்து லெச்சுமி சம்பாதிச்சது இதானா? ரசம் வெச்சாலும் ஒரு வேளைக்குத்தான் காணும்" என்று சிரித்தார்கள். அவள் யாரோடும் பேசவில்லை. அண்ணன் கேட்டால் ஆம், இல்லை. மதினி அழகம்மா கேட்டால் அதுவும் இல்லை. ஆமையிடம் மட்டும் பேச்சு ஓயாது.

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் மூன்று நாலு மாசம் சூரியனைக் காண முடியாது. ஆமை தின்பதை நிறுத்தியது. கண் வீங்கி மூடிக்கொண்டது. முதுகோட்டை விரலால் அமுக்கினால் ஊறவைத்த ரொட்டி மாதிரி அமுங்கியது.

லெச்சுமி அண்ணனிடம் வந்து நின்றாள். "அண்ணே, இது செத்துப்போச்சுன்னா நான் கொழும்புக்கே போயிருவேன். எங்கியாச்சும் வீடு கெடைக்கும். இங்க எனக்கு யாரு இருக்கா?"

வந்ததிலிருந்து அவள் இவனிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். இவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று அழகம்மா சொன்னாள்.

முதலில், கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி ஒரு நூறு வாட் பல்பை, ஆமையை விட்டிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டினான். குளிர்தான் காரணம் என்று நினைத்தான். ஆமை அதனடியில், தொட்டிக்குள் போட்டிருந்த கல்லில் ஏறிக் கிடந்தது. ஆனால் ஓடு இறுகவில்லை. பத்தாம் நாள் அண்ணனும் தங்கச்சியுமாக வாளியைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்கு மிருக டாக்டரிடம் போனார்கள். அவர் சிங்களவர், நல்ல மனுசர். சூடு மட்டும் போதாது, வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது, அது பட்டால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து ஓட்டில் சேரும் என்றார். வெயில் இல்லாத ஊரில் அந்தக் கதிரைத் தருகிற ட்யூப் வாங்கிப் போடவேண்டும். பெயரைக் காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தார். தீனியோடு கணவாய் மீன் ஓட்டைச் சுரண்டிப் போடவும் சொன்னார்.

நோர்வூட்டில் லைட்டுச் சாமான் என்றால் ராசிக் நானா என்கிற முஸ்லிம் அண்ணன் கடைதான். துண்டைப் பார்த்துவிட்டு அவர் ஊதாவாக எரிகிற ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தார்.

"கள்ள நோட்டுப் பார்க்கிற லைட்டு. இதுலயும் கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் ஈக்குது."

"இதானா நானா? நிச்சயமா?"

"நோட்டுக்கு நிச்சயம். ஆமைய எனக்குப் பழக்கமில்ல."

வீரய்யா கடைப் போனிலிருந்தே டாக்டரைக் கேட்டான். அது வேறு கதிர், ஓட்டுக்கு உதவாது, இருக்கிற கண்ணையும் கெடுக்கும் என்றார். ராசிக் நானா வெட்கப்பட்டுப் போய், கொழும்பில் மீன் தொட்டிச் சாமான் விற்கிற ஒருவரைப் பிடித்து, சிங்கப்பூரிலிருந்து வந்த சரியான ட்யூபை வரவழைத்துக் கொடுத்தார். பார்த்தால் சாதாரண இரண்டடி ட்யூப்தான்.

வீரய்யா அதை மாட்டிய அழகை நானே போய்ப் பார்த்தேன். ஆமை படுக்கிற கல்லுக்கு ஒரு அடி உயரத்தில், நூல் பிடித்த மாதிரி நேராக. அதற்குப் பேக்டரியில் போடுவதைப் போலவே ஒரு கவர். "வெடிச்சா இது கண்ணுல சில்லு விழுந்துரும்ல" என்றான். இத்தனை கவனம் யாருக்கு வரும் என்று நானும் மெச்சினேன்.

மூன்று வாரம் போனது. ட்யூப் பகல் முழுக்க எரிந்தது. ஆமை இன்னும் மெலிந்தது. பின்காலை இழுக்க ஆரம்பித்தது. லெச்சுமி தன் சேலைகளை மடித்துப் பைக்குள் வைப்பதை அழகம்மா பார்த்துவிட்டு வந்து புருசனிடம் சொன்னாள். வீரய்யா அன்றைக்கு அரை நாள் லீவு கேட்டான். அவன் லீவு கேட்டதே எங்களுக்கெல்லாம் புதினம். வாளியைத் தூக்கிக்கொண்டு தனியாக அட்டனுக்குப் போனான்.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த ட்யூப்? எத்தனை அடி? எத்தனை மணி நேரம்? எல்லாம் சரியாக இருந்தது. "நடுவில் ஏதாவது இருக்கிறதா? கண்ணாடி, கிண்ணாடி?"

"கண்ணாடி இல்ல சார். நல்ல கவர் போட்டிருக்கேன்" என்று இவன் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கவர் எக்க அய்ன் கரன்ன." கவரைக் கழற்று. வெளிச்சம் கவரைத் தாண்டி வரும், அந்தக் கதிர் வராது. பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அதைக் குடித்துவிடும். இத்தனை நாளும் ஆமை வெறும் வெளிச்சத்தில்தான் கிடந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வீரய்யா நேரே ஸ்டூலில் ஏறினான். லெச்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். கவரைக் கழற்றினான். பத்து வருசமாக ஒரு ட்யூபையும் அவன் அப்படி அம்மணமாக விட்டதில்லை.

"நாந்தான் லெச்சுமி. காப்பாத்துறேன்னு நெனச்சு நாந்தான் மறிச்சு வெச்சிருந்தேன்" என்றான்.

அவள் ஸ்டூல் ஆடாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.

வெடித்தால் என்ன செய்வது என்கிற பயம் அவனுக்குப் போகவில்லை. கோழிக்கூட்டு வலையில் ஒரு துண்டு வெட்டி ட்யூபுக்கு அடியில் கட்டலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டான். பெரிய கண் வலை என்றால் பரவாயில்லை என்றார். அப்படியே கட்டினான்.

ஆடி முடிவதற்குள் ஒரு கண் திறந்தது, பிறகு மற்றது. ஆமை நறுக்கிய மீனைக் கவ்வி இழுத்தது. ஆவணியில் ஒரு நாள் லெச்சுமி இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, இங்க வா. தொட்டுப் பாரு." ஓடு கல்லாட்டம் இருந்தது. நோயில் முதுகோடு வளைந்து எழும்பிய இரண்டு மேடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அது இனி மாறாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அந்தத் தீபாவளிக்கு முன்னால், கொழும்புக்கு ஆள் பிடிக்கிற பொம்பளை ஒருத்தி லயத்துக்கு வந்தாள். நல்ல வீடு, நல்ல சம்பளம், தனி ரூம் என்று அடுக்கினாள். வீரய்யா வாசலில் நின்றான், ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. இந்தத் தடவை அவளே சொல்லட்டும் என்று இருந்திருக்கிறான்.

லெச்சுமி தேத்தண்ணி கொடுத்து அவளை உட்காரவைத்துச் சொன்னாள். "நான் வரல அக்கா. தை மாசம் இங்கயே கொழுந்து பறிக்கப் பேர் பதியப் போறேன். எங்க அண்ணன் ஒரு மாதிரி ஆளு, சொன்னாத்தான் வெளங்கும். பக்கத்துல இருந்து சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

வீரய்யா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அழகம்மா மட்டும், "நான் பத்தொம்பது வருசமா சொல்லிக்கிட்டுதான இருக்கேன், இந்த மனுசனுக்கு எங்க வெளங்குச்சு?" என்றாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.