பன்னிரண்டாம் மாடித் திறப்பு

அந்தக் கண்ணாடி மேஸ்திரிக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். கண்ணாடியைத் தூக்கும் முன் தோள்துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு மேற்கே பார்ப்பார். சில நாள், "இன்னிக்கு வேண்டாமுங்க" என்று இறங்கிப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோவையில் நான் வரைந்த கட்டடம் அது. கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள். பன்னிரண்டாம் மாடியை மட்டும் கிழக்கு மேற்காகத் திறந்துவிட்டு, ஓரங்களில் ஆளுயரக் கண்ணாடி வைத்தேன். கடைக்கு வருகிறவர்களும் ஏறி வந்து மலையைப் பார்க்கட்டும் என்று எண்ணம்.

"ஏனுங்க, மலைக்கு வழி உட்டுப்போட்டீங்க. ஆடிக் காத்துக்கும் அதே வழிதானுங்களே?" என்றார் மேஸ்திரி.

"அதெல்லாம் கணக்குப் பார்த்தாச்சு. உங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

ஆடியில் ஒரு மதியம். அவர் வேண்டாமென்றார், நான்தான் கத்தி வேலையைத் தொடங்க வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடு முட்டுவதுபோல் உள்ளே நுழைந்தது. பாதி பொருத்திய கண்ணாடி பிய்ந்து என்னை நோக்கி வந்தது. அவர் என்னைத் தூணோரம் தள்ளினார். கண்ணாடி அவர் தோளைக் கிழித்துத் தரையில் வெடித்தது. என் சட்டையெல்லாம் அவர் ரத்தம்.

துண்டை வைத்து அழுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேற்கே பார்த்தார்.

"மலை நல்லாத்தான் தெரியுதுங்க" என்றார்.

தையல் போட்டுக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது ஏச்சா, பாராட்டா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வைதிருந்தால் மறந்திருப்பேன்.