ஹூக் மட்டும்தான் பாக்கி

தையற்காரி வாயிலிருந்து வரும் 'நாளைக்கு' என்ற சொல்லுக்கும் சுவரில் தொங்கும் கலண்டருக்கும் எந்த உறவும் கிடையாது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைப் போன்றவர்களின் கடை வாசலில் நின்று கால் கடுத்தவர்கள் நீங்கள். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருபத்திரண்டு வருடமாக சாறி பிளவுஸ், எங்கள் பேச்சில் சட்டை, தைக்கிறேன். வீடு கொட்டாஞ்சேனையில். ஞாயிற்றுக்கிழமை போகும் சபையும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஓடும். சபையில் எடுத்த தீர்மானங்களில் பாதி அந்த ஒரு மணித்தியாலத்திலேயே இறங்கிப் போய்விடும். கிருபையில் வளர்வது எப்படி என்று நான் கற்றுக்கொண்ட கதை இது. கற்றுக்கொண்டேன் என்பதுகூடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்.

பக்கத்தில் இருந்தவள்

எங்கள் தொழிலில் சில பொய்கள் பரம்பரைச் சொத்து. மெஷின் பழுது, கரண்ட் இல்லை, நூல் நிறம் பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் மூத்தது, 'ஹூக் மட்டும்தான் பாக்கி' என்பது. கேட்பவருக்கு மனம் குளிர்ந்துவிடும், சண்டை பிடிக்காமல் போய்விடுவார். உண்மையில் அந்தத் துணி, கொண்டுவந்த பையிலேயே, கத்தரிக்கோலைக் கண்ணாலும் காணாமல் மேசைக்குக் கீழே கிடக்கும்.

சிவகாமி மிஸ் பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் கணக்கு டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒருமுறை அவருக்கும் இதையே சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, காட்டுங்கோ பாப்பம் என்றார். ஹூக் வைக்கிற பிள்ளை கிராண்ட்பாஸில் இருக்கிறாள், அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன் என்றேன். கிராண்ட்பாஸ் ராணி, ஒன்பது வருடமாக என் கடையில் ஹூக் வைக்கும் அதே ராணி, எனக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மிஸ் அவளை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"அப்ப இவ ஆர்?"

சிவப்பு மை

போன வருடம் எங்கள் பாஸ்டர் புதன்கிழமை வேதபாட வகுப்பில் கிருபையில் வளர்வதைப் பற்றி மாதக்கணக்காகப் படிப்பித்தார். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இரட்சிப்பு இலவசம், அதற்குப் பிறகு வளர்வது அவரவர் பாடு. என்னிடம் களவு இல்லை, ஊர்வம்பு கொஞ்சம்தான். பெரிய பாவம் என்று தேடிப் பார்த்தால் அந்த ஹூக் ஒன்றுதான் அகப்பட்டது. அதை விட்டுவிட்டால் மளமளவென்று வளர்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே ஒரு மட்டையில் சிவப்பு மையால், 'இங்கே பொய் சொல்லப்படமாட்டாது. சொன்ன நாளில் சட்டை கிடைக்கும்' என்று எழுதி மெஷினுக்கு மேலே மாட்டினேன். முதலில் அதை வாசித்தவள் மாளிகாவத்தை ஃபரீனா. அவளுடைய கல்யாணத்துக்கும், அவளுடைய மூன்று தங்கச்சிமாரின் கல்யாணங்களுக்கும் நான்தான் தைத்தேன். நான்கு கல்யாணத்துக்கும் கடைசி நிமிடத்தில்தான் கொடுத்தேன். அவள் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பது போல மெதுவாக வாசித்து முடித்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் செல்லினதெல்லாம் என்னக்கா?"

சாட்சி

மூன்று கிழமை தாக்குப்பிடித்தேன். ஞாயிறு ஆராதனையில், யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார் பாஸ்டர். கேட்டு வாய் மூடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். மூன்று கிழமையாக என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை என்று சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுத்தது. சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

முன் வரிசையில் பாஸ்டரம்மா இருந்தார். அவர் சட்டைத் துணி தந்தது நான் தீர்மானம் எடுப்பதற்கு முன்னால். ஆகவே அது பழைய வாழ்க்கையைச் சேர்ந்தது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவர் மெல்லத் திரும்பினார்.

"அதுக்கும் ஸ்தோத்திரம் தங்கச்சி. அப்ப என்ட சட்டை எப்ப?"

ஆறு பத்து

பொய்யை விட்ட பிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது: உண்மையை வைத்தும் ஆளை அடிக்கலாம். "உங்களுக்கு இடுப்பு மூன்று இஞ்சி கூடிப்போச்சு, துணியைக் குறை சொல்ல வேண்டாம்" என்று ஒருவருக்குச் சொன்னேன். பிந்தி வந்தவர்களுக்குப் போர்டைக் காட்டினேன். நான் சொன்ன சொல்லில் நிற்கிறேன், நீங்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு.

ஒரு நாள் நல்ல மழை. கடையை ஆறு மணிக்குப் பூட்டுவேன். ஆறு பத்துக்கு சிவகாமி மிஸ் குடையும் கையுமாக ஓடி வந்தார். அடுத்த நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா, கட்ட வேண்டிய சாறியின் கரை பிரிந்துவிட்டது, ஐந்து நிமிட வேலை. மெஷினுக்கு உறை போட்டாயிற்று, ஆறு என்றால் ஆறுதான் மிஸ் என்றேன். மிஸ் சாறிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் திரும்பிப் போனார். ராணி கதவுப் பலகையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பொய் சொன்ன காலத்துல நீங்க நல்ல மாதிரி இருந்தீங்க."

ஒரே நிறத்தில் இரண்டு

மழையில் போன மிஸ், இரண்டு கிழமையில் ஒன்றும் நடவாதவர் போல வந்தார். கையில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சாறி. யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய தமக்கை ஆசையாக வாங்கியது. பிளவுஸ் துண்டை வெட்டித் தைப்பிக்க முன்பே அவர் நோய் வந்து செத்துப்போனார். மிஸ்ஸின் மகளுக்கு அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை கல்யாணம். "அக்கா இருந்திருந்தா முன்னுக்கு நிண்டிருப்பா. இதைக் கட்டினாலாவது அவ நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார். பிளவுஸ் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு சாறியைத் திருப்பிக் கொடுத்தேன். நாளும் சொன்னேன்.

அந்தக் கிழமை ஃபரீனாவும் ஒரு துணி தந்திருந்தாள். அதுவும் அரக்கு. அளவுச் சீட்டை நான்தான் இரண்டு துணியிலும் ஊசியால் குத்தினேன், மாற்றிக் குத்தினேன். ஃபரீனா ஒல்லிக்குச்சி. அவளுடைய அளவுக்கு வெட்டி முடித்துவிட்டுத்தான், சீட்டில் இருப்பது ஃபரீனாவின் பெயர், துணியோ மிஸ்ஸின் பட்டு என்று கண்டேன். வழக்கமாக உள்ளே இரண்டு விரல் துணி விட்டு வெட்டுவேன், அந்தத் துண்டில் அதற்கும் இடம் இருக்கவில்லை. "ஆர் இந்தச் சீட்டைக் குத்தினது?" என்று ராணியிடம் பாய்ந்தேன். எழுத்து என்னுடையது, ஊசி என்னுடையது, சீட்டுக் குத்திய அன்று அவள் லீவு. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மிஸ்தான். எப்பிடி, ஆயத்தமோ என்று கேட்டார். யோசித்துச் சொல்லவில்லை, மூச்சு வருவது போல அது தானாக வந்தது: "ஓம் மிஸ், ஹூக் மட்டும்தான் பாக்கி." போனை வைத்தேன். ராணி போர்டைப் பார்த்தாள்.

"கழட்டி வச்சிரவா அக்கா?"

பிளாஸ்டிக் கதிரைகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு பாஸ்டரைப் பிடித்தேன். அவர் பிளாஸ்டிக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே சொன்னேன். ஐந்து மாத வளர்ச்சி ஒரு மூச்சில் போய்விட்டது, திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டும், உபவாசம் இருக்கவா, எத்தனை நாள் இருக்க வேண்டும், ஒரு பெரிய தீர்மானமாக எடுக்கவா என்று அடுக்கினேன். நல்லதொரு பிரசங்கம் கிடைக்கும் என்று கைக்குட்டையும் எடுத்து வைத்திருந்தேன். அவர் கதிரையைக் கீழே வைத்தார்.

"அதுகளைப் பிறகு கதைப்பம். அந்த மிஸ்ஸிட்டச் சொல்லிட்டீங்களா?"

உள் தலைப்பு

திங்கட்கிழமை காலையில் வெட்டிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு மிஸ்ஸின் ஃபிளாட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு நான்கு நாள். மூன்றாம் மாடி, ஒவ்வொரு படியிலும் ஒரு புதுப் பொய் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது. பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லலாம். அயர்ன் பண்ணும்போது கருகிவிட்டது என்று சொல்லலாம். கதவு திறந்ததும், "மிஸ், ஹூக் பாக்கி எண்டு சொன்னது பொய். உங்கட துணியை வேற ஆளின்ட அளவுக்கு வெட்டிப்போட்டன். பிழை என்னுடையது" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மிஸ் துண்டுகளை மேசையில் பரப்பினார். கை, முதுகு, முன்பக்கம் என்று ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. சுவரில் தமக்கையின் படம், அதற்கு நெற்றியில் சந்தனம். அந்த நேரம் அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மழையில் திருப்பி அனுப்பியதையாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தச் சாறி. "உள் தலைப்பில ஒரு சாண் வெட்டுங்கோ. இடுப்புக்குள்ள செருகிறது, ஆருக்குத் தெரியப்போகுது? அதைக் கமக்கட்டுக்குக் கீழ ரெண்டு பக்கமும் வச்சுத் தைச்சா அளவு வருமெல்லோ?" என்றார். கணக்கு டீச்சர் கணக்குச் சரிதான், வரும். ஆனால் அந்தச் சாறியில் கத்தரிக்கோல் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை வேறு யாரிடமாவது கொடுங்கள், என்னை நம்ப வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற ஆரிட்டையும் குடுத்தா அவை இனித்தான் பொய் சொல்லத் தொடங்குவினம். நீங்கள் சொல்லி முடிச்சிட்டியள்."

கையைத் தூக்கினது

அன்று மத்தியானம் அந்தச் சாறியை வெட்டும்போது நான் செபித்தது போல அதற்கு முன் ஒருநாளும் செபித்ததில்லை. கிருபை என்றால் மன்னித்து அனுப்பிவிடுவது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மன்னித்துவிட்டு, துணியைப் பாழாக்கின அதே கையில் திரும்பவும் துணியைக் கொடுப்பதும்தான் கிருபை என்று மாதக்கணக்காகப் பாடம் கேட்டும் எனக்கு விளங்கவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போகிற மிஸ்ஸின் சாப்பாட்டு மேசையில்தான் அது விளங்கியது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வியாழக்கிழமை சட்டையைக் கொடுத்தேன், ஹூக்கும் வைத்து. இடது பக்கத்தைச் சாறி மூடும், வலது கையை மட்டும் உயர்த்த வேண்டாம் மிஸ், ஒட்டுத் தெரியும் என்றேன்.

அடுத்த கிழமை மிஸ் பலகாரப் பெட்டியோடு வந்தார். வந்ததும் வராததுமாக ஒட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அறுகரிசி போட்டு வாழ்த்தேக்க மறந்துபோய்க் கையைத் தூக்கிப்போட்டன். ஆரும் பாக்கேல்லை. எல்லாரும் பிள்ளையைத்தான் பாத்தவை."

இப்போது

போர்டு இப்போது ஆடுகிற மேசையின் ஒரு காலுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறது, அங்கே அதனால் நல்ல பிரயோசனம். ஆறு பத்துக்கு யாராவது ஓடி வந்தால் மெஷின் உறையைக் கழற்றுகிறேன், சில நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். பாஸ்டரம்மாவின் சட்டையைக் கொடுத்துவிட்டேன். நேற்று ஃபரீனா வந்து தன் அரக்குத் துணி என்னவாயிற்று என்று கேட்டாள். 'ஹூக்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ராணி ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். விழுங்கிவிட்டு, இன்னும் வெட்டவே இல்லை, செவ்வாய்க்கிழமை கட்டாயம் தருவேன் என்றேன். ஃபரீனா சிரித்தாள், கோபமே இல்லை.

"நீங்க உண்மையச் செல்லினாலும் நான் ரெண்டு நாள் பிந்தித்தான் வருவன், கோவிக்காதீங்கக்கா."

கிருபையில் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வெட்டியாயிற்று, தைத்தாயிற்று, ஹூக் மட்டும்தான் பாக்கி.