இரண்டாம் பாகத்தில் திருந்துவான்

அந்த நாவலின் முதலாம் பாகம் கன்னத்தில் விழுந்த அடியோடு முடிந்தது. கதாநாயகன் கதாநாயகியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "என் வீட்டை விட்டு வெளியே போ" என்றான். அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். கீழே, இரண்டாம் பாகம் விரைவில் என்று போட்டிருந்தது. நான் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அதன் முதுகு பிளந்துபோனது. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மண்டூர், கல்முனை, மட்டக்களப்பு நகரம், கத்தார் என்று எங்கெங்கோ இருக்கும் பெண்கள். காதல் நாவல் எது வரப்போகிறது, எப்போது வரும், அட்டையில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் பேச்சு. அந்த அடிக்குப் பிறகு குழு இரண்டாகப் பிளந்தது. மன்னிக்க வேண்டும் என்று பாதிப்பேர், கூடவே கூடாது என்று பாதிப்பேர். நான் குரல் பதிவே போட்டேன்: "அந்த நாசமறுவான்ட கைய முறிச்சு அடுப்புக்க வைக்கணும். மறுகா காதலப் பத்திக் கதைப்பம்."

அக்கா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள். கீழுதடு வீங்கியிருந்தது.

"இல்லடி புள்ள. இரண்டாம் பாகத்தில திருந்துவான், பாரன்."

"ஆர், அவனா, மச்சானா?"

நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த களிம்பை அவள் உதட்டில் பூசினேன். கொஞ்சம் அழுத்தித்தான் பூசினேன். அவள் மீதும் எனக்குக் கோபம் இருந்தது.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவான். அப்பா கட்டிய கல்வீட்டை அக்காவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கண்ணை மூடிய பிறகு அம்மாவும் நானும் அதே வளவின் பின்பக்கத்தில், இரண்டு அறை உள்ள சின்ன வீட்டில் இருந்தோம். அக்காவைக் கட்டிய மச்சான் ஒரு நீலச் சூட்கேஸோடு வந்தவர். நெல் வெட்டும் மெஷின் ஓட்டுவார். வெட்டுக் காலத்தில் பகல் முழுக்க வயலில் கிடப்பார், நாங்களும் மூச்சு விடுவோம். வெட்டு முடிந்து மெஷின் கொட்டிலுக்குள் போனால் மனிதர் வீட்டுக்குள் வருவார். அதற்குப் பிறகு தேத்தண்ணி ஆறினாலும் அடி, மின்விசிறி சத்தம் போட்டாலும் அடி. அக்காவின் வீட்டுச் சீமெந்து நிலத்தில் நின்றுகொண்டு அக்காவுக்கே அடித்தார்.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை அவர் கையைப் பிடித்து இழுத்தேன். சுவரோடு தள்ளினார், என் முழங்கை உரிந்தது. இன்னொரு முறை அக்காவைப் பொலிசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கதிரையில் இருந்துகொண்டு, கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அவளைப் பார்க்கவே எனக்கு எரிந்தது. அம்மா இன்னும் மோசம். "புருசன் பொண்சாதிக்குள்ள நீ போகாத. ஆம்பிளைக்குக் கோவம் வந்தாக் கை நீளும். மறுகா அவரே சரியாகிருவார்" என்பார். மருமகனை அம்மா நீங்கள் என்றுதான் அழைப்பார், மகன் என்றுதான் கூப்பிடுவார். அடி விழுந்த மறுநாள் காலையில் அவருக்குப் பிட்டும் தயிரும் அம்மாவின் கையால்தான் போகும்.

இதற்கு நடுவில் அக்கா இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்றால் சும்மா இல்லை, கோயிலுக்கு நேர்ந்துகொண்டதுபோலக் காத்திருந்தாள். அட்டைப்படம் குழுவில் வந்த அன்று குசினிக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள். போனில் படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"பாத்தியா? முழங்கால்ல நிக்கான்."

"முழங்கால்ல நிண்டா? அறைஞ்ச கை இன்னும் அவன்ட தோள்ல ஒட்டித்தானே கிடக்கு."

"உனக்கு எல்லாத்திலயும் குறை. அவன் எப்பிடி மன்னிப்புக் கேக்கான் எண்டு பாக்கணும் எனக்கு. என்ன சொல்லிக் கேக்கான் எண்டு."

அந்த வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. இவள் கதைக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு மனிதன் திருந்தும்போது எப்படி இருப்பான் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கக் காத்திருக்கிறாள். வீட்டுக்குள் அது நடந்தால் அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா! அடி வாங்கி வாங்கி இந்த இடத்துக்கு வந்துவிட்டாளே என்று நான் அன்று உண்மையிலேயே அழுதேன். வெங்காயம் உரிக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

எழுத்தாளர் தேதியைத் தள்ளிப்போட்டார். குழுவில் செத்த வீடுபோல ஒப்பாரி. பிறகு அச்சுக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தது, அக்கா எனக்குப் பலகாரம் சுட்டுத் தந்தாள். அந்தப் பலகாரத்தை நான் தின்று முடிப்பதற்குள் முன்வீட்டில் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அக்காவின் போன் வாசற்படியில் நொறுங்கிக் கிடந்தது. குழுவில் யாரோ கதாநாயகனைப் பற்றிப் போட்ட பகிடிக்கு அவள் சிரித்திருக்கிறாள். அதுதான் குற்றம்.

"என்னோட இப்பிடிச் சிரிச்சிருக்கியாடி? இல்லாத ஒருத்தனுக்குப் பல்லுக் காட்டுறாய்!" என்று கத்திக்கொண்டு மச்சான் அவள் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். சுவரில் அவள் தலை மோதிய சத்தம் இப்போதும் என் காதுக்குள் இருக்கிறது. நெற்றியில் வெடித்த இடத்துக்கு நான்தான் பிளாஸ்டர் ஒட்டினேன். ஒட்டி முடிக்கும்வரை என்னைப் பார்க்காமலே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"புத்தகமா வந்தாக் கொண்டு வருவியா? போன்ல இனிப் பாக்க ஏலாது."

மருந்துக்கடை களுவாஞ்சிக்குடியில். நான் காலையில் வாவியைப் பாதையில் கடந்து போவேன். பாதை என்றால் றோட்டு இல்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு மிதந்துபோகும் தட்டையான படகுக்குத்தான் எங்கள் ஊரில் அந்தப் பெயர். அக்கரையில் இறங்கியதும் முதல் வேலை புத்தகக் கடைக்குள் தலையை நீட்டுவது. கடைக்காரர் என்னைக் கண்டதும் கையை விரிப்பார்.

"பெட்டி இன்னும் கொழும்பிலதான் நிக்குது தங்கச்சி. வந்தா முதல் புத்தகம் உங்களுக்குத்தான்."

மாலையில் அக்கா கேற்றடியில் நிற்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள் முகம் விழும். கன்னத்தில் ஒரு நாள் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அன்றைக்கும் அவள் கேட்டது புத்தகத்தைத்தான்.

பெட்டி வந்தது. கடைக்காரர் சொன்னபடி முதற்பிரதியை எனக்கே எடுத்துத் தந்தார். பாதையில் ஏறி ஓரமாக நின்று நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். மனம் பொறுக்கவில்லை, என்ன செய்ய?

அவன் அழுதான். காலில் விழுந்தான். "நீ இல்லாமல் நான் இல்லை" என்றான். அவள் அவன் நெஞ்சில் சாய்ந்தாள். அவ்வளவுதான். முதல் பாகத்தில் விழுந்த அந்த அடியைப் பற்றி ஒரு வரி இல்லை! புத்தகத்தை அப்படியே வாவிக்குள் வீசக் கை ஓங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிதர், "என்ன பிள்ள, மீனுக்குப் படிக்கக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார். கையை இறக்கிக்கொண்டேன். அக்கா இவ்வளவு காத்திருந்தாள், நான் யார் அதை எறிவதற்கு?

புத்தகத்தைக் கையில் வாங்கியபோது அக்கா அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். "முடிவச் சொல்லிராத, கொன்னுருவன்" என்றாள். நான் பின்வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் விடுமுறை. பின்னேரம் அவள் அடுப்படியில் புத்தகத்தோடு குந்தியிருந்தாள். சோறு இறக்கியாயிற்று. மீன் ஆணம் அடுப்பில் இருந்தது. அவள் பாதிப் புத்தகத்தைத் தாண்டிவிட்டாள், ஆணம் அடிப்பிடித்து மணந்தது. அந்த மணத்துக்குத்தான் மச்சான் எழும்பி வந்தார்.

நான் பின்வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அக்கா கத்தினாள். வழக்கமாக அவள் கத்தமாட்டாள், அதனால் மடித்தது மடித்தபடி கிடக்க ஓடினேன். அம்மாவும் பின்னால் வந்தார். மச்சான் புத்தகத்தாலேயே அவள் முகத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகி அட்டையில் வடிந்தது. பிறகு புத்தகத்தை இரண்டாகக் கிழித்து அடுப்புக்குள் திணித்தார். அக்கா அதை இழுத்தெடுக்கக் கையை நீட்டினாள். அவர் அந்த மணிக்கட்டைக் காலால் மிதித்தார்.

"விடுங்க மகன், விடுங்க" என்று அம்மா கும்பிட்டார்.

நான் அம்மியிலிருந்த குழவியைத் தூக்கினேன். அக்கா என்னை முந்திவிட்டாள். மற்றக் கையால் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளிக்கட்டையை உருவினாள், அவர் தொடையில் வைத்தாள். வைத்து அழுத்தினாள். அவர் ஊளையிட்டுக்கொண்டு துள்ளினார். அவள் எழும்பி நின்று தோளில் இன்னொன்று போட்டாள். நெருப்புப் பொறி குசினியெல்லாம் பறந்தது. சேட்டு புகைய அவர் முன்விறாந்தைக்கு ஓடினார். ஓடிப்போய் அங்கே நின்று, சினிமாவில் பார்த்ததோ என்னவோ, வாசலைக் காட்டிக் கையை நீட்டினார்.

"என்ட வீட்ட விட்டு வெளிய போடி!"

எல்லாம் அப்படியே நின்றது. அம்மா கும்பிட்ட கையை இறக்கினார்.

"என்னடா சொன்னாய்?"

அம்மா அவரை டா போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"ஆர்ர வீடு? ஆர்ர வீட்டில நிண்டுகொண்டு ஆர வெளிய போ எண்டுறாய்? என்ட புருசன் கல்லுச் சுமந்து என்ட புள்ளைக்குக் கட்டின வீடுடா இது! நீ ஒரு சூட்கேஸோட வந்தவன்!"

வீடு கூட்டுகிற தும்புத்தடி மூலையில் இருந்தது. அம்மா அதை எடுத்து அவர் முழங்காலில் விளாசினார். பிறகு அறைக்குள் புகுந்து நீலச் சூட்கேஸை இழுத்து வந்து, மூடி திறந்தபடி முற்றத்தில் எறிந்தார். சாரம், ஹெல்மெட், சவரப்பெட்டி எல்லாம் பின்னால் பறந்தன. அவர் பொறுக்கிக்கொண்டே கேற்றை நோக்கி நொண்டினார். வீட்டைக் கொளுத்துவேன் என்று வெளியே நின்று கத்தினார். நான் குழவியோடு கேற்றடிக்குப் போனேன். கத்தல் தூரமாகப் போனது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. மகளின் மண்டை வெடித்தபோது அசையாத மனுசி, வளவைத் தொட்டதும் எரிந்து விழுந்தாரே! மகளை விட நிலைக்கதவா பெரிது? கேட்டும் விட்டேன். அம்மா தும்புத்தடியைப் பிடித்தபடி படியில் இருந்து அழுதார்.

அந்தக் கிழமை முழுக்க அக்காவின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டிருந்தோம். பொலிசுக்கு அவளே போனாள், இந்த முறை கிணற்றடியைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. மச்சான் அழுதுகொண்டு வந்தால் இவள் சேர்த்துக்கொள்வாள், சேர்த்தால் அடுத்த முறை நான் பிளாஸ்டர் ஒட்ட இவள் இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் பயந்தபடியே ஒரு காலையில் அவர் தாயோடும் இரண்டு பெரியவர்களோடும் வந்தார். கேற்றுக்கு வெளியே மணலில் முழங்காலில் நின்றார். கண்ணீர் தாடியில் வழிந்தது.

"நீ இல்லாம எனக்கு ஆருமில்ல. இனி உன்னில கை வைக்கமாட்டன். சாமி சத்தியம்."

அவருடைய தாய் அழுதார், பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "அழுறார் மகள்..." என்று தொடங்கினார். அக்கா கேற்றைப் பாதி திறந்து பிடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"புள்ள, முடிவ நீ படிச்சிட்டாய்தானே? இரண்டாம் பாகத்தில அவன் இப்பிடித்தான் அழுதானா?"

"ஓம். இப்பிடியேதான். கால்லயும் விழுந்தான்."

"அவள் என்ன செஞ்சவள்?"

"சேந்திட்டாள்."

அக்கா மறுபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"அவள் பாவம். மழைக்க பையோட நிண்டவள், போறதுக்கு வீடில்ல, வேற என்ன செய்வாள்?" என்றாள். "எனக்கு வீடிருக்கு."

கேற்றைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். வெளியே அழுகை நின்று வசவு தொடங்கியது. அதைக் காதில் வாங்காமல் குசினிப் பக்கம் நடந்தாள்.

"அடுத்த புத்தகம் எப்ப வருதாம்?" என்று கேட்டாள். "அதிலயும் அடிக்கானெண்டாக் கொண்டு வராத."