செந்தாமரை எடுத்த ரத்தம்

ரப்பர் பட்டையைக் கையில் இறுக்கும்போதே செந்தாமரை பேச்சுக் கொடுத்துவிடுவார். "நடவு முடிஞ்சிடுச்சா? ஆத்துல தண்ணி வந்துச்சா?" பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது வருடமாக இவர்தான் லேப் அக்கா. விடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பி, வயலுக்குப் போகிறவர்களை வாய்க்கால் மதகில் உட்காரவைத்துக்கூட சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பார். வலித்தது என்றால் கோபம் வரும். "என் ஊசி வலிக்காது. உனக்குப் பயம்."

பூவம்மாளின் மகன் ராம்கிக்குப் பத்து வயதில் நடை நின்றுபோனது. தசை கரைகிற நோய். பெண்கள் வழியாக வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிப்பது. ஆறு வருடங்களுக்கு முன் நகரத்திலிருந்து மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது அந்தக் குடும்பம் முகம் கொடுக்கவில்லை. செந்தாமரைதான் போய்ப் பேசினார்.

"உங்க மரபணுவுல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு தெரிஞ்சிடும்."

பதினான்கு பேர் கை நீட்டினார்கள். ராம்கியின் அக்கா மாலதியும் நீட்டினாள். ராம்கி அடுத்த வருடமே இறந்துபோனான்.

மாலதிக்குக் கல்யாணமாகி நாள் தள்ளிப்போனதும் செந்தாமரையிடம்தான் வந்தாள். "தஞ்சாவூர் போயி தனியா டெஸ்ட் எடுத்துப் பாத்துடட்டுமாக்கா?"

"எதுக்கு இன்னொரு தடவ? உன் ரத்தம்தான் அங்க இருக்கே. நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறை போன் போட்டார். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒருநாள் சொல்லிவிட்டாள்: "ரிசல்ட் வந்தாச்சுங்க. ஆனா தனியாளுக்குச் சொல்ல அனுமதி இல்ல. படிவத்துலயே போட்டிருக்கு."

ஆங்கிலப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவர் செந்தாமரை. மாலதியிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. எப்படியாவது வாங்கிவிடலாம் என்று நினைத்து, "இன்னும் வரலம்மா" என்றார். மறுமாதமும் அதையே சொன்னார். அப்படியே ஏழாம் மாதம் வந்துவிட்டது; இனித் தெரிந்தாலும் கலைக்க முடியாது. பிறந்தது பையன்.

போன வருடம் கட்டுரை வெளிவந்தது. செந்தாமரை கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். உலகில் வேறெங்கும் காணாத பிழை. அந்தப் பிழையைத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்து, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் பலன் தந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வம்சப் படத்தில் ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம். ராம்கி கறுப்புச் சதுரம், இறந்துவிட்டதற்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்து வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. அது மாலதி. நோயைச் சுமப்பவள் என்று பொருள். பெயர் மட்டும் யாருக்கும் இல்லை. அதற்குள் பையன் ஓடும்போது விழத் தொடங்கியிருந்தான்.

சென்ற மாதம் அந்த மாணவியே அழைத்தாள். இப்போது டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். பையனின் ரத்தம் வேண்டுமாம். "இந்தத் தடவ ரிசல்ட் கட்டாயம் குடுத்துடுவோம்க்கா."

செந்தாமரை மாலதி வீட்டுக்குப் போனார். ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை. தான் சொன்ன பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் மாலதியிடம் சொன்னார்.

மாலதி சத்தம் போடவில்லை. "குடுக்க மாட்டாங்கன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா பஸ் ஏறிப் போயிருப்பேன்ல. என்ன செய்யறதுன்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"

தரையில் விளையாடிக்கொண்டிருந்த பையன் எழுந்தான். கைகளை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் காலின் மேல் தானே ஏறுவதுபோல் எழுந்தான். பாதியில் தடுமாறினான். செந்தாமரை தாங்கப் போனார்.

"தொடாதீங்க" என்றாள் மாலதி.

செந்தாமரை நீட்டிய கையை மெல்ல இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.