புது இலை விட்டிருக்கு

வால்வுக்காரரைத் தெருவில் யாரும் நலம் விசாரித்ததில்லை. காய்ச்சலில் மூன்று நாள் படுத்து எழுந்து வந்தபோதும், "தண்ணி எப்ப வரும்?" என்றுதான் கேட்டார்கள். குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுவது அவர் வேலை. ரோட்டோரக் குழியின் மூடியை நெம்பி எடுத்து, நெஞ்சு உயர இரும்புச் சாவியை உள்ளே இறக்கிச் சுற்ற வேண்டும். ஒரு நாள் இந்தத் தெரு வாழ்த்தும், அடுத்த தெரு திட்டும். மறுநாள் முறை மாறும். இத்தனை வருட சர்வீஸில் தண்ணீர் அதிகமாக வருகிறது என்று ஒரு மனிதப்பிறவிகூட அவரிடம் புகார் கொடுத்ததில்லை. அது அவர் மனதில் ஒரு கருத்தாகவே படிந்துவிட்டது. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அந்தக் கருத்துதான் காரணம்.

அவருடைய அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் யாருடன் பேச வேண்டுமோ அவர்களை இணைத்துவிட்டே முப்பது வருடத்தை ஓட்டினாள். கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் தனியாக இருந்தாள். அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பாதி தம்பிக்கு, பின்பாதி அக்காவுக்கு. இரண்டுக்கும் பொதுவாகப் பக்கவாட்டில் ஒரு சந்து. சந்தை ஒட்டி அடுத்த வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பிவிட்டதால், சூரியன் அதற்குள் வந்துபோனதாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. துணி காயாது. சுவரில் பாசி மட்டும் நன்றாக வளர்ந்தது.

அங்கேதான் பீஸ் லில்லி வந்தது. மேலதிகாரி யாரோ பார்வையிட வருகிறார் என்று பம்ப் ஹவுஸ் வாசலில் வைப்பதற்காக வாங்கிய செடி. மேலதிகாரி வரவில்லை. வாசல் வெயிலில் இலையெல்லாம் வெளுத்துப்போய், குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை வால்வுக்காரர் வீட்டுக்குத் தூக்கிவந்தார்.

"இது வெயில் தாங்காத ஜாதிடா. சந்துல வை," என்றாள் அக்கா. அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த வீட்டில் சின்ன வயதிலேயே முடிவான விஷயம்.

பழைய சிமெண்டுத் தொட்டியில் இலைமக்கும் மணலும் கலந்து நட்டார்கள். நிழல் அதற்குப் பிடித்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் குருத்து விட்டு, கரும்பச்சை இலைகள் தொட்டியை மூடின. உள்ளங்கையளவு வெள்ளைப் பூக்கள் வந்தன. அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. தாகம் எடுத்தால் மொத்தமாகத் துவண்டு தரையில் படுத்துவிடும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து நிற்கும். வால்வுக்காரருக்கு அதை மிகவும் பிடித்தது. அவருடைய தெருக்காரர்களும் அப்படித்தானே. சாயங்காலம் தொட்டிக்கு இந்தப் பக்கம் தம்பியும் அந்தப் பக்கம் அக்காவும் டீ டம்ளரோடு நின்று ஊர்வம்பு பேசுவார்கள். இரண்டு பேருக்கும் அந்த நாளில் அதுதான் நல்ல நேரம்.

சண்டை ஒரு மழைக்காலத்தில் வந்தது. தொட்டியின் அடித்துளை வழியாக மண்ணும் தண்ணீரும் கலந்து ஓடி, அக்கா வீட்டு வாசற்படியில் தேங்கியது. அக்கா அதில் வழுக்கி, விழாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். விழுந்திருந்தால் அழுதிருப்பாள். விழாததால் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி அடைக்கிறானாம். ஒரு தொட்டித் தண்ணிய அடைக்கத் துப்பில்ல!"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் வால்வுக்காரர் பொறுத்திருப்பார். தொழிலைச் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானமே சிமெண்டைக் குழைத்துத் தொட்டியின் துளையைப் பூசி அடைத்தார். "இனிமே ஒரு சொட்டு வந்தா நான் வேலைய விட்டுடறேன்," என்று சந்துக்குப் பொதுவாகச் சொன்னார். தொழில் தெரிந்தவர் அடைத்தது. ஒரு சொட்டு வரவில்லை. அக்காவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பேச வேண்டியது அக்காதான் என்று இவரும், இவன்தான் என்று அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் இரண்டு வருடம் போய்விட்டது. செய்தி ஏதாவது இருந்தால் அவர் மனைவி இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போன் கம்பியா?" என்று ஒருநாள் கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் தொடர்ந்து கம்பியாகவே இருந்தாள்.

செடி மெல்ல இளைக்க ஆரம்பித்தது. முதலில் இலை நுனி கருகியது. பிறகு மஞ்சளானது. ஒருநாள் காலையில் துவண்டு படுத்திருந்தது. அக்கா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள், என்மேல் இருக்கிற கோபத்தைச் செடிமேல் காட்டுகிறாள் என்று வால்வுக்காரர் முடிவு செய்தார். தினமும் விடியற்காலையில் ட்யூட்டிக்குக் கிளம்புமுன் ஒரு வாளி ஊற்றினார். அவர் போனபிறகு அக்கா கதவைத் திறந்து பார்ப்பாள். செடி துவண்டிருக்கும். பாவி, வாயில்லாத ஜீவனைக் காயப்போடுகிறானே என்று அவள் ஒரு வாளி ஊற்றுவாள். சாயங்காலம் பாத்திரம் அலசிய தண்ணீரை மனைவி ஊற்றுவாள். அவள் யார்மேலும் கோபத்தில் ஊற்றவில்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஊற்றினாள்.

வால்வுக்காரர் நர்சரிக்காரரிடம் போய்க் கேட்டார்.

"தண்ணிய குறைங்க," என்றார் நர்சரிக்காரர்.

"துவண்டு கிடக்குதுங்க. குறைக்கச் சொல்றீங்களே!"

"வேரு அழுகினாலும் துவளும்."

புதுச் செடி விற்பதற்கு இது ஒரு தந்திரம் என்று நினைத்துக்கொண்டே வால்வுக்காரர் திரும்பினார். மறுநாளிலிருந்து இரண்டு வாளி.

அப்படியிருக்கும்போது மனைவி ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"அண்ணி பொண்ணு வீட்டுக்கே போறாங்களாம். ஞாயித்துக்கிழமை வண்டி வருது. இனி அங்கதானாம்."

வால்வுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கழற்றியதைத் திரும்பவும் போட்டார்.

"அந்தச் செடியில பாதி வேணுமாம். கேட்டுச் சொல்லுன்னாங்க."

"எடுத்துக்கட்டும்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். கம்பி அறுந்துபோச்சுன்னு வெச்சுக்குங்க," என்று மனைவி உள்ளே போய்விட்டாள்.

அவருக்குப் பயமாக இருந்தது. ஒரே சந்தில் இருக்கும்போதே பேசாதவர்கள், வேறு வேறு ஊரில் இருந்துகொண்டா பேசப்போகிறார்கள்? இனி யாராவது ஒருத்தர் செத்தால் மற்றவர் வந்து நிற்பதோடு சரி. சின்ன வயதில் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து இழுத்துப்போனவள் அக்கா. அவளைப் பேசாமல் அனுப்பிவைக்க அவருக்கு மனமில்லை. ஆனால் வலியப் போய்ப் பேசவும் வாய் வரவில்லை. செடியைப் பாதியாகப் பிரித்துக் கையில் கொடுத்தால், வாங்கும்போது ஏதாவது ஒரு வார்த்தை வரும், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

ஞாயிறு காலை கடப்பாரையோடு சந்துக்குப் போனார். தொட்டியோரம் நெம்பிச் செடியைத் தூக்கினார். அவ்வளவு பெரிய புதர் கை வைத்ததும் லேசாக வந்துவிட்டது. வேர் இருந்தால்தானே பிடித்துக்கொள்ளும்? கறுத்துக் கூழான வேர்கள் சேற்றோடு தொங்கின. சாக்கடை அடைப்பைத் திறந்தால் வருகிற நாற்றம் சந்து முழுக்கப் பரவியது. குழியில் தண்ணீர் தளும்பியது.

பின்கதவு திறந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். செடியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"நீ தண்ணி ஊத்தினியா?" என்றாள்.

"தினமும். நீ?"

"நானும் தினமும்."

சமையலறை ஜன்னலிலிருந்து, "நானும்," என்றாள் மனைவி.

"நீ ஊத்தலேன்னுல்ல நான் ஊத்தினேன்!" என்றார் வால்வுக்காரர்.

"நீ காயப்போடறேன்னு நான் ஊத்தினேன். ஏண்டா, இவ்வளவு தண்ணி எப்படி உள்ளேயே நிக்கும்? தொட்டிக்கு ஓட்டை இல்லே?"

வால்வுக்காரர் கடப்பாரையைத் திருப்பித் தொட்டியின் அடியில் குத்தினார். சிமெண்டு உடைந்தது. கறுப்புத் தண்ணீர் ஓடி வந்து, பழைய வழியிலேயே போய் அக்காவின் வாசற்படியில் நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பரவால்ல. நான்தான் காலி பண்றேனே," என்றாள் அக்கா.

அதைக் கேட்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து வேர்களைக் கழுவ ஆரம்பித்தார். அக்கா உள்ளே போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அழுகியதை அவள் வெட்ட, அவர் அலச, புதரில் முக்கால்வாசி குப்பைக்குப் போயிற்று. வெள்ளை வேரோடு இரண்டே இரண்டு குருத்து மிஞ்சியது. அளவெடுத்ததுபோல ஆளுக்கு ஒன்று. டப்பாவில் ஈரமண் போட்டு அக்காவின் மடியில் வைத்து வண்டி ஏற்றினார்.

"போய்ச் சேர்ந்ததும் செடி எப்படி இருக்குன்னு சொல்லு," என்றார்.

"நீயும் சொல்லு. தண்ணி ஊத்தித் தொலைக்காதே."

சொன்னபடியே அந்த வாரம் அக்கா போன் செய்தாள். செடி நன்றாக இருக்கிறதாம். இவருடையதும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு இவர் கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறு அவள். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி ஒரு வேலை வந்துவிட்டது. செடியில் ஆரம்பித்து, மகளின் மாமியார், பம்ப் ஹவுஸ் அரசியல் என்று போய், செடியில் வந்து முடிப்பார்கள். வால்வுக்காரர் அந்தப் போனுக்காகச் சனிக்கிழமையே தயாராக ஆரம்பித்தார்.

ஆனால் செடி போய்விட்டது. சூடு கண்ட பூனையாக அவர் தண்ணீரையே காட்டவில்லை. மண் பாளம் பாளமாக வெடித்து, குருத்து காய்ந்து சருகாகிவிட்டது. அக்கா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு போன் மணி அடித்ததும் அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"எப்படிடா இருக்கு?"

"புது இலை விட்டிருக்குக்கா."

"இங்கயும் ஒண்ணு விட்டிருக்கு," என்றாள் அக்கா.

செத்த செடி அதற்குப்பின் நன்றாக வளர்ந்தது. சில மாதத்தில் ஏழெட்டு இலை, பக்கத்தில் ஒரு குருத்து, ஒரு பூவும் வைத்தது. அக்காவின் செடிக்கு இரண்டு பூ. அவளை முந்திவிடக் கூடாது என்று அவர் ஒரு இலை குறைத்தே சொல்லிவந்தார்.

"அந்த வாயால ஒருநாள் மாட்டிக்கப்போறீங்க," என்றாள் மனைவி. மாட்டிக்கொண்டார். அக்காவின் மகள் அலுவலக வேலையாக இந்தப் பக்கம் வருகிறாளாம், அக்காவும் கூட வருகிறாளாம். உன் செடியைப் பார்க்கணும்போல இருக்கு என்று அக்கா போனில் சொன்னாள்.

வால்வுக்காரர் நர்சரிக்கு ஓடினார். "ரொம்பப் பெரிசு வேணாம். ஆறு மாசம் வளர்த்த மாதிரி இருக்கணும்."

"ஆறு மாசம் யார் வளர்த்த மாதிரி? நானா, நீங்களா?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

அக்கா வந்தாள். காபியைக்கூடக் குடிக்காமல் நேரே சந்துக்குப் போனாள். தொட்டியில் செடி பளபளவென்று நின்றது. அக்கா அதைச் சுற்றிவந்தாள். ஒரு இலையைத் தடவினாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். வால்வுக்காரர் ட்யூட்டியில் மேலதிகாரி முன்னால்கூட அப்படி நின்றதில்லை.

"நல்லா வெச்சிருக்கே," என்றாள்.

"ஏதோ."

"எனக்கு இதுல பாதி வெட்டிக் குடு."

"உன்னுதுதான் நல்லா இருக்கே? ரெண்டு பூ வெச்சிருக்குன்னியே?"

"அது வண்டியிலேயே போச்சுடா. பாதி வழியில டீ குடிக்க இறங்கினப்போ சீட்டுல வெச்சேன், வண்டிக்காரப் பையன் அது மேல உக்காந்துட்டான். இறங்கும்போது டப்பாவுல மண்ணுதான் இருந்துச்சு."

வால்வுக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அப்படியென்றால் முதல் போன் வரும்போதே அவளிடம் செடி இல்லை. அந்த இலைகள், குருத்து, அவர் பொறாமைப்பட்ட இரண்டு பூ, எதுவுமே இல்லை.

"இதுவும் முந்தாநாள் வாங்கினதுதான்," என்றார்.

"தெரியும். நர்சரிக்காரன் சீட்டைக்கூடப் பிய்க்கல நீ," என்று தண்டிலிருந்து ஒரு சின்னத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.

மனைவி ஜன்னலில் நின்று சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் உண்மையிலேயே ஒரு கவலை வந்தது.

"செடி இல்லேன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சே. இனிமே ஞாயித்துக்கிழமை எதைச் சொல்லிடா கூப்பிடறது?"

வால்வுக்காரரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு மாசமா வலது முட்டி வலிக்குதுக்கா."

அக்கா அவர் முட்டியைப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"எனக்கு ரெண்டும்," என்றாள்.