கல்கத்தா லைனில் ஒரு கோல்கீப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். நானாகப் போகவில்லை. சரோஜா அக்கா தொம்மலூரிலிருந்து ஆட்டோ பிடித்து லிங்கராஜபுரம் வரைக்கும் வந்து, வாசலில் நின்றபடி ஹாரன் அடிக்கவைத்து, என்னைக் கிளப்பிக்கொண்டு போனார். இப்போது ஊருக்கென்று இருக்கிற பெரிய கிளப், இடைவேளையில் எங்கள் பழைய ஃபாக்டரி டீமுக்கு மரியாதை செய்கிறதாம். அவர் தம்பி தனபாலும் அந்த வரிசையில் நிற்கப் போகிறார்.

"எங்கள் டீம்" என்கிறேனே, நான் பந்தைத் தொட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். கேன்டீன் பக்கம் உருண்டு வந்த பந்தை ஒரு தடவை உதைக்கப் போனேன். பந்து அங்கேயே நின்றது, செருப்புதான் பறந்தது.

பழைய ஆட்டக்காரர்களை எங்கள் கேலரிக்குக் கீழேதான் நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் தாத்தா வயது. சுற்றிலும் பாப்கார்ன் வாசனை, பையன்களின் டிரம் சத்தம். அதற்கு நடுவே கீழேயிருந்து கமகமவென்று தைல வாசனை வந்தது பாருங்கள், எனக்கு அப்படியே கண் சொருகிவிட்டது. அந்தக் காலத்தில் விளையாடுவதற்காகத் தடவிக்கொண்டவர்கள், இப்போது நடப்பதற்காகத் தடவிக்கொள்கிறார்கள்.

அந்த வாசனை தினமும் மத்தியானம் எங்கள் ஜன்னல் வழியாகப் போகும். நானும் சரோஜா அக்காவும் ஃபாக்டரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். ஆட்டக்காரர்கள் காலையில் மெஷினில் வேலை செய்வார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பிராக்டீஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் டீம் ஜெயித்தால் அதே வயிறெல்லாம் குளிர்ந்துவிடும். மெஷினில் நின்றவனும் பெயின்ட் அடித்தவனும் தானே கோல் போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறுவான்.

எங்கள் போர்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் சின்னதாக ஒரு மூடி உண்டு. யாராவது ரிசீவரை எடுத்தால் அது டக்கென்று விழும். நாங்கள் வயரைச் சொருகி, "நம்பர் பிளீஸ்" என்போம். டீம் வெளியூரில் ஆடும் நாளில் மூடிகளெல்லாம் மழை மாதிரி விழும். வயரைச் சொருகுவதற்குள், "கோல் ஆய்தா மேடம்?" என்று கன்னடத்தில் ஒரு குரல். அடுத்த லைனில், "இன்னாம்மா ஆச்சு?" ஃபாக்டரி முழுக்க ஸ்கோர் கேட்பது எங்கள் இரண்டு பேரிடம்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கோல் போட்டது நான்தான் என்கிற மாதிரி ஒரு நிமிஷம் நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்.

தனபால் அப்போது டீமின் இரண்டாவது கோல்கீப்பர். நல்ல உயரம், கூச்ச சுபாவம். உள்ளூர் லீகில் ஒரே ஒரு மேட்சில் இறக்கினார்கள். சாதாரணமாக உருண்டு வந்த பந்து, இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து கேன்டீனில் அவர் பெயர் ஓட்டை வாளி. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கூட அவரைப் பார்த்தால் சிரிப்பார். தனபால் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து ஸ்டோர்ஸ் பின்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் டெம்பரரி. விளையாட்டுக்காக எடுத்த ஆள். "ஷீல்டு வந்தா பெர்மனென்ட் பண்றேன். இல்லேன்னா பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார் ஸ்போர்ட்ஸ் ஆபீசர். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். பிரேசர் டவுனில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்: பெர்மனென்ட் ஆகட்டும், பார்க்கலாம்.

அந்த வருஷம் கல்கத்தாவில் ஷீல்டு ஃபைனல் வரைக்கும் போய்விட்டோம். எதிர்த்து ஆடியது அந்த ஊர் டீமே. முந்தின நாள் பிராக்டீஸில் முதல் கோல்கீப்பருக்கு விரல் முறிந்துவிட்டது என்று டீம் மேனேஜர் கிருஷ்ணப்பா டிரங்க் கால் போட்டுச் சொன்னார். கேட்டதும் சரோஜா அக்கா ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"நாளைக்குக் கல்கத்தா லைன நீயே எடுடி. என் காதுக்கு அது வேணாம்."

"என்னக்கா, உங்க தம்பி ஆடறார், நீங்க கேக்க வேணாமா?"

"அவன் ஆடறதாலதான் வேணாங்கறேன்."

டிரங்க் கால் பற்றி இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஊருக்கு ஊர் ஆபரேட்டர்கள் கைமாற்றிக் கைமாற்றித்தான் ஒரு குரல் வந்து சேரும். கல்கத்தா பக்கம் பெரும்பாலும் ஒரு வங்காள அம்மாள் இருப்பார். பெயர் சொல்லக் கூடாது என்பது விதி. அவர் என்னை சிஸ்டர் என்பார், நான் அவரை தீதி என்பேன், அவர்கள் பாஷையில் அக்கா. நான் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி உடைந்த ஹிந்தி. லைன் கிடைக்கிறவரைக்கும் அங்கே மழையா, இங்கே குளிரா என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். மேலதிகாரி காதில் விழுந்தால் மெமோதான்.

ஃபைனல் அன்று மத்தியானத்துக்கு மேல் ஒருத்தருக்கும் வேலை ஓடவில்லை. ஜெனரல் மேனேஜர், அதுதான் ஜி.எம்., தன் அறையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்து, லைன் கிடைக்காமல், எழுந்து எங்கள் அறைக்கே வந்துவிட்டார். உட்கார நாற்காலி இல்லை. மனிதர் நின்றுகொண்டே இருந்தார். சரோஜா அக்கா மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளூர் லைன்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். யார் என்ன கேட்டாலும், "இன்னும் முடியலே, முடியலே."

கிருஷ்ணப்பாவின் கால் வந்தது. பின்னால் கடல் மாதிரி கூட்டத்தின் சத்தம்.

"ஒன் ஆல், ஒண்ணுக்கு ஒண்ணும்மா! டை பிரேக்கர்! நம்ம தனபால்..."

அதோடு லைன் செத்துவிட்டது. நான் ஹலோ ஹலோ என்று கத்துகிறேன். ஜி.எம். என் தலைக்கு மேல் குனிந்து, "தனபாலுக்கு என்ன? அடிபட்டுடுச்சா?" என்கிறார். சரோஜா அக்காவின் முதுகு அப்படியே நின்றுவிட்டது.

அப்போது அந்தக் குரல் வந்தது. "சிஸ்டர், உங்கள் ஆளின் லைன் போய்விட்டது. இருங்கள், எங்கள் அறையில் ரேடியோ ஓடுகிறது."

ரேடியோவில் அவர் வங்காளத்தில் கேட்டு எனக்கு ஹிந்தியில் சொல்ல, நான் அதை அறைக்கே கேட்கிற மாதிரி தமிழில் சொன்னேன். டை பிரேக்கர் என்றால் பக்கத்துக்கு ஐந்து உதை. எங்கள் ஆள் போட்டான், கோல். அவர்கள் ஆள் போட்டான், கோல். ஒவ்வொரு தடவை அவர்கள் டீம் உதைக்கும்போதும் தீதியின் குரலுக்குப் பின்னால் நாலைந்து பெண்களின் கூச்சல் கேட்கும். எங்களுக்கு விழும்போது அமைதி. மாறி மாறி அப்படியே போய்க் கடைசி உதைக்கு வந்தது. எங்களுடையது உள்ளே போய்விட்டது. அவர்களுடையதுதான் பாக்கி. அதுவும் போனால் திரும்ப முதலிலிருந்து.

கூச்சல் எதுவும் கேட்கவில்லை. லைன் மறுபடியும் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு தீதி மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், உங்கள் கோல்கீப்பர் பிடித்துவிட்டான்." கொஞ்சம் மூச்சு விட்டு, "ரொம்ப அநியாயம். ஆனால் நன்றாகப் பிடித்தான் என்று ரேடியோக்காரரே சொல்கிறார்."

நான் தேங்க்யூ சொன்னேனா, அழுதேனா, நினைவில்லை. "அக்கா, உங்க தம்பி பிடிச்சுட்டார்!" என்று கத்தியது நினைவிருக்கிறது. சரோஜா அக்கா திரும்பவே இல்லை. போர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று இன்றுவரைக்கும் நான் கேட்டதில்லை. ஜி.எம். அக்காவின் ஹெட்போனை வாங்கி, "சங்கை ஊதச் சொல்லு" என்று தானே உத்தரவு போட்டார். ஷிஃப்ட் முடிவதற்கு முன்னாலேயே சங்கு ஊதியதும், பாதிப் பேர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் ஓட்டை வாளி வாழ்க என்று கோஷம் போட்டுக்கொண்டே கேன்டீனுக்கு ஓடினார்கள்.

தனபால் பெர்மனென்ட் ஆனார். பிரேசர் டவுன் கல்யாணத்தில் பிரியாணிப் பந்தியில் நின்று பரிமாறியது டீம் முழுவதும். அவரைத்தான் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் ஒரு பையன் லெஜண்ட் என்று கூப்பிட்டான். சால்வை போட்டபோது, பந்து வருகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். கேலரியில் ஒரே சிரிப்பு. "இப்பவாவது ஒழுங்கா பிடிடா" என்று சரோஜா அக்கா இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

எங்கள் டீம் ஒரேயடியாகக் காணாமல் போகவில்லை. முதலில் விளையாட்டுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். இருந்தவர்களுக்கு வயதானது. பிறகு ஒரு வருஷம் லீகில் பெயர் கொடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மைதானத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது.

அதற்கெல்லாம் முன்னாலேயே எனக்கு ஒன்று போய்விட்டது. அந்த ஃபைனல் முடிந்த அடுத்த வருஷத்துக்குள், ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்துவிட்டது. டீம் மறுபடியும் கல்கத்தாவுக்குப் போய், அதே டீமோடு ஆடித் தோற்றது. கிருஷ்ணப்பா அங்கிருந்து நேராக ஜி.எம். அறைக்கே டயல் செய்து சொல்லிவிட்டார். எங்கள் போர்டில் ஒரு மூடிகூட விழவில்லை. எனக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் கேன்டீனில், டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் சொல்லித்தான். அன்றைக்குக் கல்கத்தா எக்ஸ்சேஞ்ச் அறையில் பெண்களெல்லாம் என்னமாய்க் கத்தியிருப்பார்கள். தீதிக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எந்த நம்பரைக் கேட்பது என்று தெரியவில்லை.